முதல் வருடம் நெடுந்தூர டிரக் ஓட்டினால் கையில் உண்மையில் எவ்வளவு நிற்கும்?

#1 புதுக்கிளட்ச்

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் வாசித்துவிட்டுப் போகிறவனாகவே இருந்தேன். இப்போது கேட்டே ஆக வேண்டிய கட்டம். வயது 41. டல்லாஸ் பக்கம் ஒரு கிடங்கில் வேலை, மணிக்கு 19 டாலர், வாரம் 50 மணி நேரம் வரை கிடைக்கிறது. கிரீன் கார்டு இருக்கிறது. இரண்டு பிள்ளைகள், பெரியவள் ஒன்பதாம் வகுப்பு.

சிடிஎல் என்கிற கனரக வண்டி உரிமம் எடுத்துக்கொண்டு நெடுந்தூர டிரக் ஓட்டப் போகலாமா என்று யோசனை. ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தில் "வாரம் 1,800 டாலர் வரை, மைலுக்கு 50 சென்ட், அனுபவம் தேவையில்லை, பயிற்சி இலவசம்" என்று போட்டிருக்கிறார்கள். 1,800ஐ 52ஆல் பெருக்கினால் 93,600. அதைப் பெருக்கிப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. மனைவி மட்டும் "அந்த 'வரை'க்கு என்ன அர்த்தம் என்று ஓட்டுகிறவர்களிடம் கேளுங்கள்" என்கிறாள். அதனால்தான் வந்தேன். முதல் வருடத்தில் உங்களுக்கு என்ன வந்தது என்று மறைக்காமல் சொல்வீர்களா?

#2 பதினெட்டுச்சக்கரம்

தம்பி, ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன். உங்கள் மனைவி பிடிக்க வேண்டிய சொல்லைப் பிடித்திருக்கிறார். அந்த விளம்பரத்தை வைத்தே கணக்குப் போடுவோம்.

மைலுக்கு 50 சென்ட் என்றால் 1,800 டாலருக்கு ஒரு வாரத்தில் 3,600 மைல் ஓட வேண்டும். சட்டம் எவ்வளவு விடுகிறது? 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு வண்டியை எடுத்தால் 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். 8 நாளில் மொத்தப் பணி நேரம் 70 மணியைத் தாண்டியபின் ஓட்டக்கூடாது. அதைப் பகிர்ந்தால் நாளுக்கு 8.75 மணி, வாரத்துக்கு ஏறக்குறைய 61 மணி. பெரும்பாலான நிறுவன வண்டிகளில் வேகம் 65 மைல் பக்கத்தில் பூட்டியிருக்கும். நெரிசல், ஏற்றம், சாலை வேலை எல்லாம் போக மணிக்கு 55 சராசரி கிடைத்தாலே நல்ல நாள். 61ஐ 55ஆல் பெருக்குங்கள், 3,355. டீசல் போடுவது, வண்டியைச் சோதிப்பது, லோடு ஏற்ற நிற்பது எதற்கும் ஒரு நிமிடம்கூடப் பணி நேரத்தைச் செலவழிக்காமல் இருந்தால் வருகிற எண் அது. அப்படி ஒரு வாரத்தை நான் இந்த ஒன்பது வருடத்தில் பார்த்ததில்லை. ஆக அந்த 1,800 கடினம் என்றுகூடச் சொல்ல மாட்டேன், 50 சென்ட்டில் வாராவாரம் வரவே வராது.

புதிதாக வருகிறவருக்கு வாரம் 2,000 முதல் 2,300 மைல் கிடைத்தால் லோடு ஒதுக்குகிற டிஸ்பாட்சர் உங்களைக் கவனிக்கிறார் என்று அர்த்தம். 2,100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,050 டாலர், அதுவும் வரிக்கு முன்னால். நடுவில் வீட்டுக்கு வருவீர்கள், வண்டி ரிப்பேருக்கு நிற்கும், பனியில் சாலையை மூடுவார்கள். நிற்கிற நாளுக்குக் காசு இல்லை, அல்லது பெயருக்குக் கொஞ்சம். தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 2024 மே மாதக் கணக்கில் கனரக டிரக் ஓட்டுநர்களின் நடுநிலைச் சம்பளம் வருடத்துக்கு 57,440 டாலர் என்று சொல்கிறது. அதில் இருபது, முப்பது வருடம் ஓட்டினவர்களும் அடக்கம். முதல் வருடத்தில் அந்த எண்ணுக்குக் கீழேதான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு வீட்டுக் கணக்கைப் போடுங்கள்.

#3 கணக்கு_நோட்டு

புதுக்கிளட்ச் அண்ணா, என் கணவர் ஓட்டுகிறார், வீட்டுக் கணக்கு என் கையில். நோட்டை எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அவருடைய முதல் வருடம், அப்படியே.

நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி 4 வாரம், சம்பளம் இல்லை. அதற்குப் பிறகு பயிற்றுநரோடு ஒரே வண்டியில் 6 வாரம், வாரத்துக்கு 650 டாலர் நிலையாக: 3,900. தனி வண்டி கொடுத்தபின் 40 வாரம், சராசரி 2,050 மைல், மைலுக்கு 46 சென்ட்: 37,720. காத்திருப்புக்கும் கூடுதல் நிறுத்தங்களுக்கும் வந்தது எல்லாம் சேர்த்து 1,900. பாதுகாப்பு போனஸ் 600. இரண்டு வாரம் சம்பளம் இல்லாத விடுமுறை. கூட்டினால் 44,120 டாலர்.

அவர் சோம்பேறி இல்லை. அந்த வருடம் மகள் பிறந்தநாளுக்கு வயோமிங்கில் பனியில் மாட்டிக்கொண்டு நின்றார். இரண்டரை நாள். எஞ்சின் ஓடியது, சக்கரம் ஓடவில்லை. அந்த வாரத்துச் சீட்டு 512 டாலர். இன்றைக்கும் அந்தச் சீட்டை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

செலவுப் பக்கத்தையும் பாருங்கள். டிரக் ஸ்டாப்பில் மூன்று வேளையும் வாங்கிச் சாப்பிட்டால் நாளுக்கு 40 டாலர் கண்ணுக்குத் தெரியாமல் போகும். மூன்றாம் மாதம்தான் விழித்துக்கொண்டோம். சின்ன ஃபிரிட்ஜும் ஒரு ரைஸ் குக்கரும் வாங்கிக் கொடுத்தபின் அது 15க்குள் வந்தது. குளியல் பெரும்பாலும் இலவசம், டீசல் போடும்போது சேரும் புள்ளியில் கழிந்துவிடும்.

#4 புதுக்கிளட்ச்

தங்கச்சி, இவ்வளவு திறந்து சொன்னதற்கு நன்றி. படித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். இப்போது எனக்குக் கிடங்கில் 40 மணி நேரத்துக்கு 760, மேலே 10 மணி நேரம் ஒன்றரை மடங்கில் 285. வாரம் 1,045. டிரக்கிலும் ஓவர்டைம் உண்டுதானே?

#5 பதினெட்டுச்சக்கரம்

கிடையாது தம்பி. இங்கேதான் பல பேர் கணக்குத் தவறுகிறது. 1938ஆம் ஆண்டின் நியாயத் தொழில் தரச் சட்டத்தில் 13(பி)(1) என்று ஒரு பிரிவு. மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டும் கனரக டிரைவர்களுக்கு ஒன்றரை மடங்கு ஓவர்டைம் கொடுக்க வேண்டியதில்லை என்று அது விலக்குக் கொடுக்கிறது. குறைந்தபட்ச ஊதியம் பொருந்தும். அது மத்திய அளவில் 2009லிருந்து 7.25 டாலரிலேயே நிற்கிறது.

தங்கச்சியின் கணவர் வருடத்தில் 46 வாரம் சம்பளத்துக்கு வேலை பார்த்திருக்கிறார். வாரம் 65 மணி நேரம் பணி என்றால் ஏறக்குறைய 2,990 மணி. 44,120ஐ அதால் வகுத்தால் மணிக்கு 14.75 டாலர். பள்ளியில் இருந்த நான்கு வாரத்தை நான் இதில் சேர்க்கவில்லை. வண்டிக்குள் தூங்கிய இரவுகளையும் சேர்க்கவில்லை. உங்களுக்கு இப்போது கிடைப்பது மணிக்கு 19.

கிடங்கில் 50 மணி நேரமும் வருடம் முழுக்கக் கிடைத்தால் உங்களுக்கு 54,340. அதாவது முதல் வருடம் டிரக்குக்கு வந்தால் பத்தாயிரம் டாலர் குறைவாக வாங்குவீர்கள், பிள்ளைகளை மாதத்துக்கு மூன்று நான்கு நாள்தான் பார்ப்பீர்கள். வராதீர்கள் என்று சொல்லவில்லை. விபத்து இல்லாத ஒரு வருடப் பதிவு கையில் வந்தால் பேச்சே மாறிவிடும். எனக்கு இரண்டாவது வருடம் 56 சென்ட், வாரம் 2,400 மைல், 48 வாரம் ஓட்டினேன். 64,500 வந்தது. முதல் வருடம் அந்தப் பதிவை வாங்கத்தான். அதற்கு நீங்கள் கொடுக்கும் விலையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வாருங்கள் என்கிறேன்.

#6 இரட்டையர்

எல்லோரும் ரொம்பவே பயமுறுத்துகிறீர்கள். நான் முதல் வருடமே 67,000 எடுத்தேன். டீம் டிரைவிங். இரண்டு பேர், ஒரு வண்டி, ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் ஓட்டுவார். வண்டி வாரம் 5,000 மைல் ஓடும், மைலுக்கு 56 சென்ட், பாதிப் பாதி. ஆளுக்கு 1,400. 48 வாரம். அண்ணன் சொன்ன 11 மணி நேரக் கட்டுப்பாடு ஆளுக்குத்தானே, வண்டிக்கு இல்லையே. எப்போதும் தூர லோடு, அதிகம் நிற்க வேண்டியதில்லை. உழைக்கத் தயாராக இருந்தால் காசு இருக்கிறது.

#7 பதினெட்டுச்சக்கரம்

உங்கள் எண்ணை நம்புகிறேன் தம்பி, டீமில் அது வரும். ஆனால் அவர் தனியாக ஓட்டுவதைப் பற்றிக் கேட்டார். ஓடுகிற வண்டியில் தூக்கம் எல்லோருக்கும் வராது. எனக்கு வரவில்லை. மூன்று வாரம் முயன்றேன், நான்காவது வாரம் அர்கன்சாஸில் வெள்ளைக்கோட்டை மிதித்த சத்தத்தில்தான் கண் திறந்தேன். ஓட்டியவன் நான். அன்றைக்கே டீமை விட்டேன்.

#8 இரட்டையர்

அது உண்மைதான் அண்ணா. கூட ஓட்டுகிறவர் என் மைத்துனர், அவர் பிரேக் போடும் விதம் எனக்குத் தெரியும், அதனால் தூங்க முடிந்தது. முன்பின் தெரியாத ஆளோடு என்றால் நானும் போயிருக்க மாட்டேன். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

#9 தூத்துக்குடிக்காரன்_சிகாகோவில்

காத்திருப்பைப் பற்றிக் கொஞ்சம். டிடென்ஷன் என்று சொல்வார்கள். பொருளை இறக்கும் இடத்தில் முதல் இரண்டு மணி நேரம் பொதுவாக இலவசம், அதற்குப் பிறகுதான் மீட்டர் ஓடும். என் முதல் குளிர்காலத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் 9 மணி நேரம் நின்றேன். ஏழு மணி நேரத்துக்கு, மணிக்கு 12 டாலர் வீதம் 84 வந்தது, அதுவும் மூன்று வாரம் கழித்து. அதே நாளில் ஓடியிருந்தால் 400 மைல். அன்றைய 14 மணி நேரக் கடிகாரம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது.

இது என் ஒருவனின் புலம்பல் இல்லை. போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தக் காத்திருப்பால் டிரைவர்களின் வருமானம் வருடத்துக்கு 110 கோடி முதல் 130 கோடி டாலர் வரை குறைகிறது என்று அதில் மதிப்பிட்டிருந்தார்கள். சராசரிக் காத்திருப்பு 15 நிமிடம் கூடினால் விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடும் என்றும் இருந்தது. காரணம் எந்த டிரைவருக்கும் தெரியும், போன நேரத்தைப் பிடிக்க வேகமாக ஓட்டுவோம்.

புதியவர்களுக்கு ஒரு வழி. நீண்ட நேரம் நிற்கப் போகிறோம் என்று தெரிந்தால் உடனே வண்டியின் படுக்கைப் பகுதியான ஸ்லீப்பரில் ஏறி, பணி நேரம் பதிவாகும் லாக்கிலும் ஸ்லீப்பர் என்று மாற்றிவிடுங்கள். 2020 செப்டம்பர் இறுதியிலிருந்து ஓய்வை 7க்கு 3 என்று பிரிக்கலாம். ஸ்லீப்பரில் தொடர்ந்து ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒரு பகுதி, இன்னொரு பகுதி இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டும் சேர்ந்து பத்து. அப்படிச் சேர்ந்துவிட்டால் இரண்டுமே 14 மணி நேரக் கணக்கில் வராது. இதைப் பயிற்றுநர் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே கற்றுக்கொள்ள ஐந்து மாதமானது. அந்த ஐந்து மாதமும் போன மைல்கள் போனவைதான்.

#10 கணக்கு_நோட்டு

இன்னொன்று, விளம்பரத்தில் போடும் மைலும் சம்பளச் சீட்டில் வரும் மைலும் ஒன்றில்லை. பல நிறுவனங்கள் வீட்டுச்சாமான் மைல் என்ற பழைய அட்டவணையின்படியோ, குறுக்கு வழித் தூரத்தின்படியோ கொடுக்கிறார்கள். வண்டியின் மீட்டரில் 2,200 என்றால் சீட்டில் 2,050. நான் இரண்டையும் எழுதி வைக்க ஆரம்பித்தபின்தான் அது தெரிந்தது. "டிரக் நிஜமாகப் போகும் வழியின் நடைமுறை மைலா, குறுகிய மைலா" என்று வேலைக்குச் சேரும் முன்பே கேளுங்கள்.

அப்புறம் பெர் டியம். சம்பளத்தில் ஒரு பகுதியைப் படி என்று வரியில்லாமல் தருவார்கள். கையில் வாரத்துக்குக் கொஞ்சம் கூட வரும், நல்லதாகத் தெரியும். ஆனால் வருடச் சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ2 படிவத்தில் வருமானம் குறைந்து காட்டும். வீட்டுக் கடன் கேட்கப் போனபோது வங்கி அந்தக் குறைந்த எண்ணைத்தான் பார்த்தது. சமூகப் பாதுகாப்புக்குச் சேருவதும் அந்த எண்ணில்தான். படி வேண்டாம் என்றால், உணவுச் செலவை நாமே வரியில் கழிக்கும் வழி சம்பளக்காரர்களுக்கு 2018லிருந்து இல்லை, சொந்த வண்டிக்காரர்களுக்கு மட்டும்தான். எங்கள் வீட்டில் படி வாங்குகிறோம். நீங்கள் வீடு வாங்கும் எண்ணத்தில் இருந்தால் யோசியுங்கள்.

#11 பழையசாலை

தம்பி, எனக்கு 58 வயது. ஒரு விஷயத்துக்காக மட்டும் எழுதுகிறேன். ஆறேழு மாதத்தில் நிறுவனத்தில் யாராவது உங்களிடம் வந்து "ஏன் சம்பளத்துக்கு ஓட்டுகிறீர்கள், லீஸ் பர்ச்சேஸில் வண்டி எடுங்கள், முன்பணம் வேண்டாம், கடன் வரலாறு பார்க்க மாட்டோம், நீங்களே முதலாளி" என்பார். வாரத் தவணை கட்டிக் கடைசியில் வண்டியைச் சொந்தமாக்கிக்கொள்ளும் குத்தகை அது. நான் எடுத்தேன்.

வாரம் வண்டித் தவணை 950. காப்பீடு, பராமரிப்புக்குப் பிடிக்கும் தொகை, டயர், டீசல் எல்லாம் என் தலையில். லோடு கொடுக்கிறவர் அதே நிறுவனம், தவணை வாங்குகிறவரும் அதே நிறுவனம். லோடு குறைந்த வாரத்தில் தவணை குறையாது. ஒரு வாரச் சீட்டில் எனக்கு வந்த தொகை கழித்தல் 213. ஐந்து நாள் ஓட்டிவிட்டு நான் அவர்களுக்குக் கடன்காரன். பதினோராவது மாதம் டர்போ போனது. வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு பஸ்ஸில் வீடு வந்தேன். என் மனைவி அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

2021 உள்கட்டமைப்புச் சட்டத்தின்படி இதை ஆராயவே டிரக் குத்தகைப் பணிக்குழு ஒன்றை அமைத்தார்கள். அவர்கள் 2025 ஜனவரியில் கொடுத்த அறிக்கையில் இந்த வகை லீஸ் பர்ச்சேஸையே தடை செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். நான் எடுத்த காலத்தில் அப்படி எடுத்துச் சொல்ல எனக்கு யாரும் இல்லை. முதல் மூன்று வருடத்துக்கு யார் என்ன சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள் தம்பி. கெஞ்சிக் கேட்கிறேன்.

#12 தூத்துக்குடிக்காரன்_சிகாகோவில்

ஐயா சொன்னதோடு 1099யும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஊழியராக இல்லாமல் ஒப்பந்தக்காரராகக் காட்டும் வரிப் படிவம் அது. தெரிந்தவர் மூலம் வருகிற சின்ன நிறுவனங்கள் "மைலுக்கு 60 சென்ட், ஆனால் 1099" என்பார்கள். வண்டி அவர்களுடையது, லோடு அவர்களுடையது, எப்போது கிளம்ப வேண்டும் என்பதும் அவர்கள் சொல்வதுதான். ஆனால் காகிதத்தில் மட்டும் நீங்கள் சுயதொழில் செய்கிறவர். 2,100 மைலுக்கு 1,260 வரும். அதிலிருந்து சுயதொழில் வரியாக ஏறக்குறைய 178 உங்கள் பாக்கெட்டிலிருந்து. வழக்கமான வேலையில் அதில் பாதியை நிறுவனம் கட்டும். வருமான வரி அதற்கு மேல். அடிபட்டால் தொழிலாளர் இழப்பீடு இருக்காது, வேலை போனால் வேலையின்மைப் படியும் இருக்காது. சொந்த வண்டி இல்லாதவருக்கு 1099 தேவையே இல்லை.

#13 புதுக்கிளட்ச்

இதையெல்லாம் நேற்று இரவு மனைவிக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். பழையசாலை ஐயா எழுதியது வந்தபோது அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள், பிறகு வந்து மீதியையும் வாசிக்கச் சொன்னாள்.

இன்னும் இரண்டு கேள்வி. இலவசப் பயிற்சிக்கு ஒரு வருட ஒப்பந்தம் கேட்கிறார்கள், நடுவில் விட்டால் 6,000 டாலர் கட்ட வேண்டுமாம். வேறு வழி உண்டா? முதல் வருடத்துக்குப் பிறகு வீட்டுக்குத் தினமும் வருகிற ஓட்டம் என்று ஏதாவது இருக்கிறதா?

#14 பதினெட்டுச்சக்கரம்

முதல் கேள்விக்கு: உங்கள் வட்டாரத்தில் இருக்கும் அமெரிக்கன் ஜாப் சென்டர் என்கிற அரசு வேலை உதவி மையத்துக்குப் போய் டபிள்யூஐஓஏ என்கிற தொழில் பயிற்சி உதவி பற்றிக் கேளுங்கள். 2014 சட்டத்தில் வந்த திட்டம். வருமானத்தையும் நிலைமையையும் பார்த்து, தகுதி இருந்தால் சிடிஎல் பள்ளிக் கட்டணத்தை அவர்களே கட்டுவார்கள். எல்லோருக்கும் கிடைக்காது, ஆனால் கேட்காமல் விடாதீர்கள். சமுதாயக் கல்லூரிப் பள்ளிகளையும் பாருங்கள். எங்கே சேர்ந்தாலும் அந்தப் பள்ளி மத்திய அரசின் பயிற்சியாளர் பதிவேட்டில் இருக்க வேண்டும், 2022 பிப்ரவரி 7லிருந்து அது கட்டாயம். அந்த விதியில் எத்தனை மணி நேரம் ஓட்டிப் பழக வேண்டும் என்று குறைந்தபட்சம் எதுவும் இல்லை, அதனால் பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம் நிறைய. ஸ்டியரிங் எத்தனை மணி நேரம் உங்கள் கையில் இருக்கும் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். கையில் காசு கட்டிப் படித்தால், மோசமான நிறுவனத்தை மூன்றாவது மாதமே விட்டு வரலாம். எனக்கு அதுவே பெரிய சுதந்திரமாகப் பட்டது.

ஆங்கிலம் பேச வாசிக்க வரும்தானே? 2025 ஜூன் 25லிருந்து சாலைச் சோதனையில் ஆங்கிலத்தில் பதில் சொல்லவும் பலகைகளை வாசிக்கவும் முடியாவிட்டால் அங்கேயே ஓட்ட விடாமல் நிறுத்துகிறார்கள். நின்றால் சம்பளமும் நிற்கும்.

இரண்டாவது கேள்விக்கு: உண்டு. எல்டிஎல் என்கிற சில்லறைச் சரக்கு நிறுவனங்களில் இரவு லைன்ஹால் ஓட்டம். ஒரு டெர்மினலிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்பி, காலையில் வீடு. இரட்டை ட்ரெய்லருக்கான எண்டார்ஸ்மென்ட், அதாவது உரிமத்தில் சேர்க்கும் கூடுதல் அனுமதி, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது அதில்தான் இருக்கிறேன். அதுவும் கல்லில் எழுதினது இல்லை. 2023 கோடையில் யெல்லோ என்கிற பெரிய எல்டிஎல் நிறுவனம் மூடியபோது ஏறக்குறைய 30,000 பேர் ஒரே நேரத்தில் வேலை தேடி வந்தார்கள். வால்மார்ட் போன்ற சொந்த வண்டி வைத்திருக்கும் நிறுவனங்களும் நன்றாகக் கொடுப்பார்கள். 2022 ஏப்ரலில் முதல் வருடமே 1,10,000 டாலர் வரை என்று வால்மார்ட் அறிவித்தது. ஆனால் அது அவர்களிடம் முதல் வருடம், தொழிலில் முதல் வருடம் இல்லை. வெளியிலிருந்து வருகிறவர்களிடம் வருடக்கணக்கில் அனுபவம் கேட்பார்கள்.

#15 புதுக்கிளட்ச்

இன்று மதியம் விளம்பரம் போட்ட நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். "ஆறு மாதத்துக்குக் குறைவாக உங்களிடம் இருப்பவர்களுக்குச் சராசரி எத்தனை மைலுக்குச் சம்பளம் போனது?" என்று கேட்டேன். "அது உங்கள் உழைப்பைப் பொறுத்தது" என்றார். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதே பதில். இன்னொரு நிறுவனத்தில் கேட்டேன். அந்தப் பெண்மணி பெயரை மறைத்துப் புதியவர்களின் நான்கு வாரச் சீட்டுகளை மின்னஞ்சலில் அனுப்பினார். 1,940, 2,210, 1,680, 2,305 மைல். மைலுக்கு 47 சென்ட். விளம்பரத்தில் அவர்கள் போட்டிருப்பது வாரம் 950தான், அதனால் முதலில் அவர்களை நான் பார்க்கவே இல்லை.

மனைவியும் நானும் உட்கார்ந்து 42,000க்கு ஒரு வருடக் கணக்கு எழுதினோம். பழைய கார் தவணை ஏழு மாதத்தில் முடிகிறது, அதற்கு முன்னால் போனால் இழுக்கும். அதனால் பள்ளியை அடுத்த வருடத் தொடக்கத்துக்குத் தள்ளுகிறோம். அதுவரை கிடங்கில் கிடைக்கிற ஓவர்டைம் எல்லாம் தனிக் கணக்கில் போகும். ஜாப் சென்டரில் வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன்.

#16 கணக்கு_நோட்டு

நல்லது அண்ணா. ஒன்றை மட்டும் இப்போதே பார்த்து வையுங்கள், நாங்கள் பார்க்காமல் விட்டது. கிடங்கு வேலையை விட்டால் உங்கள் மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியில் முடிகிறது? புது நிறுவனத்தின் காப்பீடு தொடங்க 90 நாள் வரை ஆகலாம், பள்ளியில் இருக்கும் வாரங்கள் அதில் சேராது. எங்களுக்கு அந்த இடைவெளியில்தான் சின்னவனுக்குக் கை முறிந்தது.

#17 புதுக்கிளட்ச்

இதை நாங்கள் யோசிக்கவே இல்லை தங்கச்சி. நாளைக் காலை எச்ஆரிடம் தேதியைக் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். பையன் கை இப்போது நன்றாக இருக்கிறதா?

#18 கணக்கு_நோட்டு

நன்றாக இருக்கிறான் அண்ணா, கூடைப்பந்து ஆடுகிறான். கேட்டுவிட்டு எழுதுங்கள்.